பின்னால் வந்தும் அடிக்காத விரால்: நீர்மேல் இரைக்கு அதை இணங்க வைப்பது எப்படி

இலங்கையின் வன்னியிலுள்ள முத்தையன்கட்டுக் குளத்தின் அலைகரையில், கிழக்கு வெளுத்தும் சூரியன் மரங்களுக்கு மேலே ஏறாத வேளையில், ஆம்பல் இலைகளின் ஓரமாக இறப்பர்த் தவளை ஒன்றை இழுத்து வருகிறீர்கள். தவளைக்கு இரண்டு முழம் பின்னே நீர் மெல்லப் புடைக்கிறது. அந்தப் புடைப்பு இரு பக்கமும் கோடு விரித்தபடி தவளையோடு வருகிறது. தவளை நின்றால் நிற்கிறது, நகர்ந்தால் நகர்கிறது, கரைக்கு மூன்று பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) இருக்கையில் ஒரு சுழிப்புடன் இல்லாமற் போகிறது. மீனே தென்படாத நாளில் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். இப்படி வந்து திரும்பிய நாளில் காலைச் சாப்பாட்டு நேரம் கடந்தும் கால் கிளம்பாது.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் ஒருவர் ஒன்ராறியோ ஏரிகளில் பாஸ் மீனுக்கு இதே வகைத் தவளையை வீசுகிறவர். அவருடைய முறைப்பாடும் இதுதான். பாஸ் வட அமெரிக்காவுக்குரிய நன்னீர் மீன். வன்னிக் குளங்களில் அது இல்லை. ஆயினும் இன்று எங்கள் கைக்கு வரும் நீர்மேல் இரைகளில் பல அதை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை, அவற்றை ஆட்டும் முறைகளும் அதன் பின்னால் திரிந்தவர்கள் கண்டுபிடித்தவை. அவற்றை விராலுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதையும், எவற்றைப் பொருத்தலாம் என்பதையும் நான் பல காலைகளை வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன். அங்கே நீர் ஏறத்தாழ 15 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறும்வரை நீர்மேல் இரையைப் பெரும்பாலும் பெட்டியிலேயே வைத்திருப்பார்கள். எங்கள் குளங்களில் ஆண்டு முழுவதும் நீர் அதைவிடச் சூடானதே. ஆகவே மீன் அடிக்காததற்குக் குளிரைக் காரணம் சொல்ல இங்கே வழியில்லை.

பெட்டியைத் திறந்து வேறு இரை தேடுமுன், நீரில் நடந்தது என்ன என்பதைத் தீர்மானிக்க வேண்டும். விரால் செவுளால் மட்டும் உயிர்வாழும் மீனன்று. செவுளுக்கு மேலே தலைக்குள் உள்ள ஓர் உறுப்பின் உதவியால் அது காற்றையும் சுவாசிக்கிறது. இடைக்கிடை மேலே வந்து வாயால் காற்றை அள்ளிக்கொண்டு இறங்காவிட்டால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். உங்கள் தவளைக்கு அருகே எழுந்த சுழிப்பு, மூச்செடுக்க வந்த மீனுடையதாகவும் இருக்கலாம். மூச்செடுத்த மீன் சிறிய சத்தத்துடன் ஓரிரு குமிழிகளை விட்டுவிட்டு அதே இடத்தில் இறங்கும். நீர்க்கோடு தவளையின் திசையில் நீளாது. அதைப் பின்தொடர்ந்து வந்த மீன் என்று எண்ணி இரையை மாற்றுவது வீண்வேலை. அதற்கு மாறாக, சுழிப்பு தவளையின் மேலேயே எழுந்து, தவளை ஓர் அங்குலமாவது தூக்கி எறியப்பட்டாலோ அல்லது அதன் இறப்பர்க் காலில் புதிய பற்கீறல் தெரிந்தாலோ, மீன் அடித்திருக்கிறது, கொளுக்கிதான் ஏறவில்லை. அதற்கான வைத்தியம் வேறு; பின்னர் வருகிறேன். இவ்விரண்டும் இல்லாமல், புடைப்பு தவளையின் வேகத்துக்கே தன் வேகத்தைச் சரிசெய்துகொண்டு வந்தால் மட்டுமே அது உண்மையான பின்தொடர்தல். இரையைக் கண்டுவிட்டது, விரும்பவும் செய்கிறது, ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது.

அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் நாங்கள்தான்.

நீருக்குள் இருக்கும் மீனுக்கு மேற்பரப்பு முழுவதும் திறந்த யன்னலாக இருப்பதில்லை. அதன் கண்ணுக்கு மேலே ஏறத்தாழ 97 பாகைக் கோணத்துக்குள் அடங்கும் ஒரு வட்டத்தின் வழியாகவே வெளியுலகம் தெரியும். அதற்கு அப்பால் நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் குளத்தின் அடியையே திருப்பிக் காட்டும் ஆடியாகிவிடும். ஓர் அடி ஆழத்தில் வரும் விராலுக்கு அந்த வட்டத்தின் விட்டம் சுமார் இரண்டேகால் அடி. ஆகவே இரண்டு முழம் பின்னால் வரும் மீனுக்குத் தவளையின் முதுகு தெரியாது. நீரில் அமிழ்ந்த வயிற்றையும் தொங்கும் கால்களையும் அது காண்கிறது, இரை எழுப்பும் அதிர்வை, உடம்பின் இரு பக்கமும் ஓடும் உணர்வுறுப்பான பக்கக்கோட்டால் உணர்கிறது, அவ்வளவுதான். இன்னும் கிட்ட வந்து, இரை அந்த வட்டத்துக்குள் நுழையும்போதே வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே முழு உருவமும் கருநிழலாகத் தெரியவருகிறது. தவளையின் முதுகில் தீட்டியிருக்கும் பச்சைப் புள்ளிகள் கடையில் எங்களைப் பிடிப்பதற்காகத் தீட்டப்பட்டவை என்றே நான் நினைக்கிறேன். வயிற்றின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: விடியலிலும் அந்தியிலும் கறுப்பு, வெயில் ஏறிய பின் வெள்ளை அல்லது மங்கல் மஞ்சள்.

அதே வட்டத்தின் வழியாக நீங்களும் தெரிகிறீர்கள். நீர்மட்டத்திலிருந்து 10 பாகைக்குக் குறைவான கோணத்தில் இருப்பவை வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கிப்போகும்; அதற்கு மேலே உயர்ந்தவை துலக்கமாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால், மீனிலிருந்து 10 மீற்றர் தூரத்தில் நீர்மட்டத்தோடு நிற்கும் சராசரி உயரமுள்ள ஒருவர் ஓரளவு மறைந்திருப்பார். 5 மீற்றருக்கு மீன் வந்துவிட்டால், மறைந்திருக்க வேண்டிய உயரம் 90 சென்ரிமீற்றருக்கும் குறைவு. அதாவது குந்தியிருக்க வேண்டும். குளக்கட்டின் மேல் நின்று வீசுகிறவருடைய உயரத்தோடு கட்டின் உயரமும் சேருவதால், அவர் இருபது மீற்றருக்கு அப்பாலும் தெரிவார். ஒருமுறை இரணைமடுக் கட்டில் வெள்ளைச் சேட்டுடன் நின்று வீசிக்கொண்டிருந்தேன். இரண்டு மீன்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே இடத்தில் திரும்பிப் போயின. கட்டால் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, நீர் மீனைப் பாக்கிறீர், மீனும் உம்மைப் பாக்குது. கீழ இறங்கிப்போய் இரும்.”

“இருந்துகொண்டு வீச ஏலாதே, ஐயா.”

“எறிஞ்சுபோட்டு இரும்.”

வீசிய பின் குந்துவது என்பது இன்றுவரை நான் விடாத பழக்கம். அதோடு, காலையில் மேற்குக் கரையிலும் மாலையில் கிழக்குக் கரையிலும் நின்றால் உங்கள் நிழல் நீரில் விழாமல் பின்னால் விழும். மண்நிற உடுப்பு உடுத்துங்கள். கரையில் கால்களை அடித்து நடக்காதீர்கள். கடைசி மூன்று பாகத்தில் மீன் அடிக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். நீளமாக வீசி, இழுப்பின் முதற் பாதியிலேயே அதைத் தூண்டும் வேலைகள் அனைத்தையும் செய்து முடிக்க வேண்டும்.

இனி இரையை ஆட்டும் முறை. பின்னால் மீன் வந்தால் நிறுத்து என்பதே எல்லோரும் தரும் புத்திமதி. என் அனுபவத்தில் அது பாதி சரி. தெளிந்த திறந்த நீரில், மீன் இரண்டு முழம் பின்னால் வரும்போது தவளையை நிறுத்தினால், அதற்கு ஆற அமர ஆராயும் அவகாசத்தையே கொடுக்கிறீர்கள். அது கீழே வந்து நின்று, அண்ணாந்து பார்த்து, இறங்கிவிடும். வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது இன்னும் மோசம். உயிருக்கு ஓடும் எந்தப் பிராணியும் துரத்துகிறவன் கிட்ட வரும்போது நடையைத் தளர்த்துவதில்லை. ஆகவே முதலில் ஓட்டம், அதன் பிறகு நிறுத்தம். நீர்க்கோட்டைக் கண்டவுடன் கையின் ஓட்டத்தை மாற்றாமல் இன்னும் இரண்டு இழுப்பு அப்படியே இழுங்கள், ஏனெனில் அந்தக் கணத்தில் கை தன்னையறியாமல் உறைந்துவிடும். பிறகு தடியின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி, மணிக்கட்டால் மூன்று அல்லது நான்கு குறுகிய வெட்டுகள் கொடுங்கள். தவளை அரை மீற்றர் தூரம் பதறி ஓட வேண்டும். அந்த ஓட்டம் முடியும் இடம் ஏதாவது ஒன்றின் ஓரமாக இருக்க வேண்டும்: ஓர் ஆம்பல் இலை, நீரில் நிற்கும் பட்டமரத்தின் அடி, கோரையின் விளிம்பு. தப்பியோடியது ஒளியப்போகிறது என்ற தோற்றத்தை மீனுக்கு அது தருகிறது. அங்கே முற்றாக நிறுத்தி, வளையங்கள் பரவி அடங்கும்வரை கையை அசைக்காமல் இருங்கள். நான் மெல்ல ஐந்துவரை எண்ணுவேன். அதற்குள் அடிக்காவிட்டால் இழுக்காமல், தளர்ந்திருக்கும் நூலை இறுக்கி விட்டால் போதும். தவளை இருந்த இடத்திலேயே நடுங்கி, அதன் கால் ஒருமுறை விரிந்து சுருங்கும். எனக்குக் கிடைத்த அடிகளில் பல அந்த நடுக்கத்துக்கு விழுந்தவை.

இலை அடர்ந்த இடத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அங்கே மீன் இரையைக் காண்பதைவிடக் கேட்கிறது. தவளை இலைமேல் இழுபடும்போது ஆம்பல் தண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைவது தெரிந்தால், மீன் கீழே வந்துகொண்டிருக்கிறது. இலைகளுக்கு நடுவே நீர் தெரியும் பொட்டு ஒன்றில் தவளையை இறக்கி, பத்துப் பதினைந்து எண்ணும்வரை விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு அடுத்த இலைக்கு ஏற்றினால் மீன் அதைத் தவறவிடும், உங்களுக்கோ அது அடிக்க மறுத்தது போலத் தெரியும்.

இழுக்கும் திசைக்கும் இதில் பங்குண்டு. ஒளிந்திருந்து பாயும் மீன் தன் மறைவை விட்டு நெடுந்தூரம் வராது. கரையிலிருந்து நேரே வீசி நேரே இழுத்தால் இரை ஆம்பல் விளிம்பில் இருப்பது சில கணங்கள்தான். அதன் பின் வரும் வெட்டவெளியில் மீன் சிறிது தூரம் வந்து, துணிவு தீர்ந்து திரும்பும். இடம் மாறி நின்று, விளிம்போடு சமாந்தரமாக வீசி, முழு இழுப்பும் இலைகளிலிருந்து ஓர் அடிக்குள் அமையும்படி செய்யுங்கள். நான் வேறொன்றையும் மாற்றாமல் இதை மட்டும் மாற்றி மீன் பிடித்த நாட்கள் உண்டு.

வாய் குழிந்த பொப்பர் வகை இரையைப் பயன்படுத்துகிறவர்கள், அமைதியான நீரில் அதன் சத்தத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் போதும். காற்றில் நீர் நெளியும்போதும் மழைக்காலக் கலங்கலிலும் அந்தச் சத்தம் வேண்டும். ஆடிபோல் கிடக்கும் நீரில் அது மீனை வரவழைத்துவிட்டு, வந்த பின் வெருட்டுகிறது. முதல் இரண்டு மூன்று இழுப்பில் சத்தம் எழுப்பி, நீர்க்கோடு தெரிந்ததும் நீரை உறிஞ்சுவது போன்ற மெல்லிய அசைவுக்கு இறங்குங்கள்.

இரையிலும் சில திருத்தங்கள் செய்யலாம். புதிய தவளையின் இழைக் கால்கள் மிக நீளமானவை. மீன் அவற்றின் நுனியைக் கவ்விவிட்டு விடும். உடம்பின் நீளத்துக்கு மேல் போகாதபடி கத்தரியுங்கள், ஒரு காலை மற்றதைவிட அரை அங்குலம் கட்டையாக விட்டால் தவளை நேரே வராமல் தலையை இருபுறமும் திருப்பி வரும். உடம்பின் பின்பக்கத் துளையால் சில ஈயக் குண்டுகளைப் போட்டால் பின்பக்கம் தாழ்ந்து, கொளுக்கிகள் நீருக்குள் மீனின் வாய்க்கு அருகே நிற்கும், வீச்சும் நீளும். அதிகம் போட்டால் மூழ்கிவிடும். வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கொளுக்கி முனைகள் உடம்போடு ஒட்டிக் கிடந்தால் குறட்டால் மிகச் சிறிதளவு வெளியே நெம்பிவிடுங்கள். மலிவான தவளைகளில் உடம்பு நன்றாகவே இருக்கும், கொளுக்கிதான் ஏமாற்றும். நான் வாங்கிய ஒன்றில் முதல் விராலுக்கே கொளுக்கி நிமிர்ந்து ஆணியாகிவிட்டது.

நூல் விடயத்தில் பலரும் விடும் பிழை ஒன்றுண்டு. அடர்த்தியான இலைகளுக்குள் 40 அல்லது 50 இறாத்தல் பின்னல் நூலை நேரடியாகக் கட்டுவது சரியே. தெளிந்த நீரில் அந்தப் பச்சை நூல் இரைக்கு முன்னால் நீர்மேல் கோடு கிழித்துக் கிடக்கும். அங்கே நுனியில் இரண்டு முழம் தங்கூசி சேர்த்துக் கட்டுங்கள். அது சாதாரண நைலோன் தங்கூசியாக இருக்கட்டும். விலை கூடிய புளோரோகாபன் தங்கூசி நீரில் அமிழும் தன்மையுடையது என்பதால் பொப்பர் போன்ற இரைகளின் மூக்கைக் கீழே இழுத்து ஆட்டத்தைக் கெடுக்கும்.

மீன் வந்து திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே அதே இடத்துக்கு, அதே தவளையை, அதன் தலைமேல் விழும்படி வீசுவதுதான் நாங்கள் எல்லோரும் இயல்பாகச் செய்வது. அதைச் செய்யாதீர்கள். மறைந்த இடத்தை ஒரு தண்டையோ கொப்பையோ அடையாளம் வைத்துப் பார்த்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பிறகு சிறிய, சத்தம் குறைந்த இரை ஒன்றை அந்த இடத்தைத் தாண்டி ஒரு பாகம் அப்பால் வீசி, மீனின் பக்கவாட்டால் வரும்படி இழுங்கள். இரண்டாவது தடி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஈயம் கட்டாத மென்பிளாஸ்ரிக் புழு இரை ஒன்றை அதில் ஆயத்தமாக வைத்திருந்து, நீர்க்கோடு மறைந்தவுடன், அது போன திசைக்கு முன்னால் ஓசையின்றி விழவிட்டு மெல்ல அமிழ விடுவது. நீர்மேலே ஏற மனமில்லாத மீன், தன் முகத்துக்கு நேரே இறங்கி வருவதை விழுங்கிவிடும். ஒன்ராறியோவில் மச்சான் பாஸுக்குச் செய்வதும் இதுவே. என்னிடம் இரண்டாவது தடி வந்ததும் அவர் புண்ணியத்தில்தான்.

அடித்தும் ஏறாத மீனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். நீர் வெடித்ததும் தடியை வெட்டி உயர்த்துவதே அதற்குக் காரணம். தவளை இன்னும் மீனின் வாய்க்குள் போயிருக்காது. வெடிப்பைக் காதால் கேட்ட பின், தடியின் நுனியை மீனை நோக்கித் தாழ்த்தி, மிச்ச நூலைச் சுற்றி எடுத்து, கையில் பாரம் தெரிந்த பின்பே பலமாக வெட்டுங்கள். தவளை காணாமற் போய்ப் பாரமும் தெரியாவிட்டால் பொறுங்கள், தவளை மீண்டும் மேலே வந்து மிதந்தால் தொடாமல் விடுங்கள். பல வேளைகளில் அதே மீன் திரும்பி வரும். பதற்றத்தில் பிடுங்கப்பட்டுக் கரையில் வந்து விழும் தவளையைப் பார்த்து, அந்த மீன் பின்னால் வந்ததே தவிர அடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு.

பருவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாரி மழை தொடங்கி கனகராயனாறும் பாலியாறும் பேராறும் குளங்களுக்குக் கலங்கல் நீரைக் கொண்டுவரும்போது விரால்கள் புல்வெளிகளுக்குள் ஏறிச் சிதறிவிடும். அப்போது தேவைப்படுவது சத்தமான இரை. காலபோக அறுவடையை ஒட்டி நீர் தெளிந்து, குளம் நிறைந்து நிற்கும் மாதங்களில் பின்தொடர்ந்து ஏமாற்றும் மீன்களை அதிகம் காண்பீர்கள், மேலே சொன்னவை யாவும் அந்த மாதங்களுக்கு உரியவை. சிறுபோகத்துக்குத் துருசு திறந்து நீர் வற்றத் தொடங்கினால் மீன் ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே நகரும், நீங்களும் வீச்சை நீட்ட வேண்டும். நாளில் விடிந்து இரண்டு மணிநேரமும் பொழுதுபடுமுன் ஒன்றரை மணிநேரமும் போதும்.

குளத்துக்கு இறங்குமுன் அந்தக் குளத்தின் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வலை கிடக்கும் பக்கம் வீசாதீர்கள். தவளை சிக்கிவிட்டது என்று இடுப்பளவு நீரில் இறங்க வேண்டாம், இந்தக் குளங்களில் முதலை உண்டு. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம், மீன் துள்ளினாலும் போக வேண்டாம். மற்ற இடங்களிலும் மாடுகளும் மனிதர்களும் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு விலகாதீர்கள்.

பின்தொடரும் மீன் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். நீர்ப்பரப்பில் கையகலத்துக்குச் செம்மஞ்சள் நிறமான சிறு குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பது போல மேலெழுந்து இறங்குவதைக் கண்டால், கீழே தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கின்றன. பாஸில் குஞ்சுகளைக் காப்பது ஆண் மட்டும். விராலில் இரண்டும் காக்கும். அந்தக் கூட்டத்துக்கு அருகே தவளை போனால் அவை பின்னால் வருவது பசியினால் அல்ல, விரட்டுவதற்காக. மூன்றாம் நான்காம் வீச்சில் ஆத்திரம் மூண்டு அடித்துவிடும், பிடிப்பது மிக எளிது. பிடித்துக் கரையில் போட்ட சிறிது நேரத்தில் குறவையும் மற்ற மீன்களும் காவலற்ற குஞ்சுகளைத் தின்னத் தொடங்குவதை ஒருமுறை நின்று பார்த்திருக்கிறேன். அந்த இடத்தைச் சுற்றி ஐம்பது பாகம் நடந்து, அடுத்த ஆம்பல் விளிம்பில் வீசுங்கள்.